அறுந்துபோகாத மனுஷன்

மார்ச் 4

பரிசோதனைக் கூடத்தில் இன்று இடுப்பு எலாஸ்டிக். பத்து சென்டிமீட்டர் துண்டை இயந்திரத்தில் மாட்டி ஆயிரம் தடவை இழுத்தேன். நடுவில் மேலாளர் கூப்பிட்டு, வெளியூர்க் கிளைக்கு என்னைத் தலைமையாகப் போடுவதாகச் சொன்னார். தலைகால் புரியவில்லை. மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரிடம் பாதி சொல்லும்போதே "சரி, போலாம்" என்றார். எனக்காக ஏற்கெனவே மூன்று ஊர் மாறிய தையல்காரர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இப்படி ஒரு ஆள் எந்தக் கடையில் கிடைப்பார்?

"ஆயிரம் தடவை இழுக்கவா சம்பளம்? என் கடைக்கு வர்ற அண்ணன் ஒருத்தர் ஒரே விருந்துல அதைச் செஞ்சிடுவாரு" என்று கேலி வேறு செய்தார்.

மார்ச் 5

அசடு வழிந்தேன். இழுத்த துண்டை அரைமணி ஆறப்போட்டு மறுபடி அளக்க வேண்டும். அறுந்துபோகவில்லையே என்ற சந்தோஷத்தில், அளக்காமலே 'தேர்ச்சி' என்று எழுதியிருக்கிறேன்.

"அறுந்துச்சான்னு யாரு கேட்டா? பழைய அளவுக்கு வந்துச்சான்னு பாருங்கம்மா" என்றார் மேலாளர்.

அளந்தேன். பத்தே முக்கால்.

மார்ச் 6

வேலை முடிந்து வரும் வழியில் வீட்டுக்காரரின் கடைக்குப் போனேன். வாசலில் பெயர்ப்பலகை இல்லை. இரண்டு வருடமாக இல்லை. இன்றுதான் கண்ணில் பட்டது. முதல் ஊரில் அவரே வண்ணம் குழைத்து எழுதி மாட்டினார். ஏன் இங்கே இல்லை என்று கேட்டேன்.

"எதுக்கு? மறுபடி கழட்டணும்ல" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருஷமா இந்த மனுஷன் அறுந்துபோகலைன்னு மட்டும்தானே பார்த்திருக்கேன்?

"உங்களுக்கு என்ன வேணும்?"

"உனக்கு எது சரியோ அது."

"அதைக் கேக்கல."

ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோத்தார். "எனக்கு இந்த ஊரை விட்டு வர இஷ்டமில்ல."

கோபம் வந்தது — எனக்குத்தான். "முன்னாடியே வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா?"

மார்ச் 7

காலை முழுக்கச் சண்டை. அவருக்குச் சண்டை போடவே தெரியவில்லை. கோபமாகக் கிளம்பியவர் செருப்பை மறந்து திரும்பி வந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அந்தப் பதவி வேண்டும். ரொம்பவே வேண்டும்.

மாலையில், வெளியூர்க் கிளைக்குப் போகவில்லை என்று மேலாளரிடம் சொன்னேன்.

"வீட்ல ஒத்துக்கலையாம்மா?"

"உடனே ஒத்துக்கிட்டாரு சார். அதான்."

மார்ச் 8

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2

வருத்தம் இன்னும் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. ஆனால் இவர் மறுத்துப் பேசுவதில் ருசி கண்டுவிட்டார். சித்தி மகள் கல்யாணத்துக்கு "நீ போயிட்டு வா" என்கிறார். என் சட்டையைக் கொஞ்சம் இறுக்கித் தைக்கச் சொன்னால் அடுத்த வாரமாம். இன்று மழையில் காய்கறி வாங்கி வரச் சொன்னேன். "முடியாது, வேலை இருக்கு." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு நானே போனேன். தெருமுனை வரை திட்டினேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.