சிவப்புத் தொட்டியில் நீல இறால்

ஆகஸ்ட் 6, வியாழன். பாகூர்.

நான்கு நாள் அரியூரில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு இன்று திரும்பினால், நான் அழகுக்கு வளர்க்கும் சிவப்பு இறால் தொட்டியில் ஐந்து நீல இறால்கள். நான் போன அன்றே மருமகள் செல்வி வாங்கி விட்டிருக்கிறாள்.

"வெறும் செவப்பாவே இருக்குதேன்னு கலருக்கு வுட்டேன் அத்தை" என்றாள்.

இரண்டும் கூடினால் குஞ்சுகள் சேற்று நிறத்தில் பிறக்கும். வெளுத்தவற்றை ஒதுக்கி ஒதுக்கி இந்த ரத்தச் சிவப்பைக் கொண்டுவர எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

மகன் சிரித்தான். "இன்னாம்மா, கொழம்புக்குக்கூட ஆவாத எறாலு. இந்த வயசுல மொதல்லேர்ந்தா ஆரம்பிக்கப் போற?"

பூதக்கண்ணாடியோடு தொட்டி முன் உட்கார்ந்தேன். ஏழு இறால்கள் வயிற்றில் முட்டை சுமந்திருந்தன. அவற்றில் மூன்றின் முட்டைகளில் குஞ்சின் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. நான்கு நாள் முட்டையில் கண் தெரியாது. ஆகவே அந்த மூன்றும் நீலம் வருவதற்கு முன்பே சினைப்பட்டவை. அவற்றை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றினேன். மற்றதெல்லாம் பெரிய தொட்டியோடு செல்விக்கு. எத்தனை கலர் வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு எழுபத்தாறு வயது. முதலிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். என் வயதைச் சொல்லிச் சிரித்தவன் நாளைக் காலையில் அந்தப் பெரிய தொட்டியைத் தன் அறைக்குத் தூக்கிப் போகட்டும்.