பெருந்துறையில் அவிழ்ந்த முடிச்சு

மூன்று முகத்துவாரங்களுக்கும் உரியவளும் வெண்கழி நாட்டு அரசியுமாகிய மாறிலி நங்கை, தன் சிற்றன்னை மகனும் பெருந்துறைக் காவலருமாகிய கொற்றங்கோவுக்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் மீன் மலிக, உப்பு விளைக, ஆங்கு வாழும் குடிகள் நலம் பெறுக. உமக்கென வாழ்த்துக் கூற எம் நா எழவில்லை.

குன்றநாட்டுத் தூதர் பெருஞ்சேந்தனார், இரு நாட்டுப் பகையைத் தீர்க்கும் பொருட்டு எம் அழைப்பை ஏற்று வந்தார். விருந்தினர் படகின் முதற்கயிற்றைக் காவலரே தறியில் கட்டுதல் நம் முறைமை ஆதலின், நீவிர் அதனைக் கையில் வாங்கினீர். பூமாலைக்கு நார் முடிவதுபோல் ஒரு சுருக்கிட்டு, பட்டில் ஈரம் பட்டதென்று கையை உதறிக்கொண்டு திரும்பினீர். “கட்டு உருவுதய்யா, இன்னொரு சுத்து போடுங்க!” என்று படகோட்டிகள் கூவியதும், வாயை மூடுமாறு நீவிர் அவர்களை அதட்டியதும் மேல்மாடத்தில் நின்ற எம் செவிக்கு எட்டின. முதியவராகிய தூதர் இறங்கு பலகையில் அடிவைத்த கணத்தில் முடிச்சு அவிழ்ந்தது. படகு விலக, பலகை சரிய, அவர் சேற்று நீரில் வீழ்ந்தார். அலையில் திரும்பிய படகு அவர் காலைக் கற்படியோடு சேர்த்து நசுக்கியது. ஓடிவந்த யாமே கயிற்றைப் பற்றித் தறியில் இருமுறை சுற்றி, முனையை அடியில் செருகி இறுக்கினோம். படகு நின்றது.

இதுவரை நேர்ந்ததை அறியாமை என்று பொறுத்திருப்போம். அதன்பின் நீவிர் செய்ததே எமக்குக் குமட்டுகிறது. கயிறே பழுதென்று உரைத்து, அதனைத் திரித்த சாத்தி என்பாளைத் தூணில் பிணித்து அடிப்பித்தீர். அந்த முடிச்சு மட்டும் அவிழவில்லையாம். அதனையும் உமக்காகப் பிறரே இட்டனராம். தூதர் வலியில் முனகிக்கொண்டிருக்க, நீவிர் பன்னீரால் கால் கழுவிக்கொண்டிருந்தீர். துறைச் சேற்றின் நாற்றம் எம்மை விட்டுப் போயிற்று. அந்தப் பன்னீரின் நாற்றம் இன்னும் போகவில்லை.

தூதர் பிழைத்தார், ஒரு கால் இழந்தார். ஆயினும் உடன்படிக்கையை ஏற்றார். தமக்கு ஈடாக அப்பெண்ணின் விடுதலையை மட்டுமே கேட்டார். அயலார் கேட்டு யாம் நீதி வழங்க நேர்ந்ததை எண்ணி நாணுகிறோம். சாத்தி இப்போது எம் மருத்துவர் காவலில் இருக்கிறாள்.

ஆகவே எம் ஆணை: காவலர்க்குரிய பொற்பட்டத்தைக் கழற்றி, ஓலை கொணர்ந்தவரிடம் கொடுக்க. இனி முகத்துவாரத்தில், வற்றும் நீர் கடலுக்கு இழுக்கும் இடத்தில், சிறு படகொன்றில் உறைக. அதனைத் தறியில் உம் கையே கட்டுக, பிறர் தொடலாகாது. துடுப்பு தரப்படாது. முடிச்சு அறிந்தார் துறையில் பலர் உளர். பணிந்து கேட்டால் காட்டுவர்.

எம் நண்டு முத்திரை ஒற்றி இவ்வோலை விடுத்தோம். அடுத்த முறை கடலோதம் வற்றத் தொடங்குமுன் இவ்வாணை நிறைவேறுக.