என் பெயரும் வகையறாவும்

அடி தங்கச்சி,

வீட்டு வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. மேலே என் பெயர், பக்கத்தில் "வகையறா". அந்த வகையறா நீதான். அம்மா இந்த வீட்டை நம் இருவருக்கும்தான் எழுதிவைத்தாள். நகராட்சிக்கு உன் பெயரை எழுதக் கை வலிக்கிறதாம்.

சும்மா விடுவேனா? நேற்று நேரிலேயே போய்விட்டேன். மூன்றாம் ஜன்னல் குமாஸ்தா கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு, "வகையறான்னா யாரும்மா?" என்றார்.

"என் தங்கச்சி. ஏன், அவளுக்குப் பேர் இல்லையா?"

"ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரையும் போட்டுருவோம். அவங்க பங்கை விட்டுக்கொடுத்துட்டாங்கன்னா அந்தப் பத்திரத்தைக் கொடுங்க. வகையறாவை இப்பவே தூக்கிடலாம்."

பத்திரம் என் கைப்பையில்தான் இருந்தது. போன வருஷம் ஒரு வரி கடிதம்கூட வைக்காமல் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினாயே, அதேதான்.

"அப்படி எதுவும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அது இத்துடன் திரும்பி வருகிறது. நீயே கிழித்துப் போடு. நீ கோபித்துக்கொண்டு போன அன்றைக்குச் சமையலறையில் நான் பேசியதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. அதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு நகராட்சி ஆபீஸுக்கு வந்துவிடு. உன் மாடி அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று, இனிக் காற்றில் அடித்துக்கொள்ளாது. நோட்டீஸில் உன் பெயரையே முதலில் போடச் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் அவர்கள் என்னை என்னவென்று எழுதினாலும் எனக்குக் கவலையில்லை.

இப்படிக்கு,
உன் வகையறா