மலைக்கு நடுவே ஓர் இடைவெளி

அன்பு மகள் மிஹோவுக்கு, குரயோஷியிலிருந்து அம்மா எழுதுகிறேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முந்திக்கொண்டு மழை வருகிறது என்று சொல்கிறது. நீயும் மாப்பிள்ளை டைகோவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? சப்போரோவில் அதற்குள் பனி விழுந்துவிட்டதாக டிவியில் காட்டினார்கள், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. காய்ந்த மீன் அனுப்பியிருந்தேன், வந்து சேர்ந்ததா என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதெல்லாம் நீ நிறைய விஷயம் சொல்வதில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பின்னறையில் நான் பொம்மை ரயிலுக்குப் பாதை அமைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஊர் மன்றத்து ரயில் குழுவிலிருந்து குசுமோதோ-சான் புதன்கிழமைதோறும் வந்து உதவுகிறார், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அடிச்சட்டம் செய்யும்போதே ஒரே பலகையாக வேண்டாம் என்று நாலு துண்டாக அறுத்து, போல்ட்டு போட்டு முடுக்கினார். மரம் ஈரத்துக்கு முறுக்கிக்கொள்ளும், அதற்குத்தான் என்றார், நம்பினேன். சட்டத்தின் மேல் நுரைப்பலகை ஒட்டி, அதன்மேல் தண்டவாளத்துக்கு அடியில் வரும் கார்க் பட்டையை நான் கோடு பார்த்து ஒட்டிக்கொண்டே போனால், துண்டும் துண்டும் சேருகிற இடத்தில் பிளேடை எடுத்துக் கீறிவிடுவார். பட்டை ஒரே நீளமாக இருந்தால்தானே வண்டி தடதடக்காமல் ஓடும்? கேட்டால் சிரித்து மழுப்புவார். போன மாதம் நான் தேநீர் எடுத்துக்கொண்டு வரும்போது நம் வாசல் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டேப் சட்டென்று சுருண்டு உள்ளே போனது, அவர் முகமும் அப்படியே. பக்கத்து வீட்டு ஹட்சுயேவிடம் சொன்னேன், தப்பாகப் போயிற்று. என் உழைப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்காட்சியில் தன் பேரில் வைக்கப் பார்க்கிறார் என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். சேச்சே என்றேனே தவிர, அன்றிலிருந்து அவர் கிளம்பியதும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் பாதையோரத்து மலையைச் செய்கிற நாள் வந்தது. செய்தித்தாளைக் கசக்கிக் குவித்து, கை முறிந்தால் போடுவார்களே மாவுக்கட்டுத் துணி, அதைத் தண்ணீரில் நனைத்து மேலே போர்த்த வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு விரல்கடை முன்னாலேயே அவர் நிறுத்திவிட்டார். பல் விழுந்த வாய் மாதிரி மலைக்கு நடுவே இடைவெளி. எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு துணியை நனைத்து இடைவெளிமேல் போடப் போனேன், மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். "வேணாம் தொமியே-சான், காஞ்சு இறுகிட்டா அப்புறம் ரம்பம் போட்டுத்தான் பிரிக்கணும்" என்றார். "எதுக்குப் பிரிக்கணும்? யார் வீட்டுக்குக் கொண்டுபோகப் போறீங்க?" என்று கேட்டே விட்டேன். இருவர் கையிலும் துணி, பாயெல்லாம் மாவுத்தண்ணீர் சொட்டுகிறது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மிஹோ உங்ககிட்ட சொல்லலையா? அவங்க அடுக்குமாடி லிஃப்டுக்குள்ள போற அளவுல செய்யச் சொல்லி எனக்குப் போன் பண்ணாங்க. வசந்தத்துல நீங்க அங்கயே குடிபோறீங்கன்னு சொன்னாங்களே" என்றார்.

அவர்மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிஷமே போய்விட்டது, போனது நேராக உன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. கோடையில் மாப்பிள்ளை கூரைமேல் ஏறி நாலு பக்கமும் படம் எடுத்தாரே, ஓட்டைப் பழுதுபார்க்கத்தான் என்று நான் தர்பூசணி வெட்டிக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல் வைத்த காலி அறையின் படத்தை நீ அனுப்பி எந்த நிறத் திரை நன்றாக இருக்கும் என்று கேட்டாய், நானும் அசடு மாதிரி பச்சை என்றேன். நான் இல்லாத நேரத்தில் இந்த வீட்டை விலைக்கு வாங்க யாராவது வந்து பார்த்துவிட்டுக்கூடப் போயிருக்கிறார்களா? பாசத்தில்தான் செய்தாய் என்று தெரியும், அம்மாவின் மலையையும் சேர்த்துக் கூட்டிப்போக நினைக்கிற பெண் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் மலை லிஃப்டுக்குள் போகுமா என்று அவரிடம் கேட்கத் தெரிந்த உனக்கு, வருகிறாயா அம்மா என்று என்னிடம் கேட்கத் தெரியவில்லையே.

அவர் அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். நான் உட்கார்ந்து எல்லா இணைப்பையும் துணி போட்டு மூடி, விரலால் தடவித் தடவி வழுவழுப்பாக்கினேன். இப்போது கல் மாதிரி இறுகிவிட்டது. அடுத்த புதன்கிழமை அவர் வந்து பார்த்தார், இத்தனை நாள் வேலையைக் கெடுத்துவிட்டேனே, திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மண்நிறச் சாயத்தைக் குழைத்து மலைக்குப் பூச ஆரம்பித்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்த மாதிரி இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை மிஹோ. நீ கேள், நான் யோசித்துச் சொல்கிறேன். வருவதென்று முடிவானால் ரம்பத்தை நானே பிடிப்பேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், மனம் நிறைந்து நீண்ட நாள் வாழ வேண்டும் என்று தினமும் அப்பா படத்துக்கு முன்னால் கைகூப்பிச் சொல்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டாம், நீ மட்டும் பேசு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
தொமியே