இரும்பு மூக்குச் சப்பாத்து

என் உயிர் மச்சான் தவம்,

நீ போய் இது மூன்றாவது பனிக்காலம். முந்தின வருடங்களில் உன் நினைவு நாளுக்கு இந்தப் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே அச்சகக்காரர் தயாராக வைத்திருக்கும் கண்ணீர் வரிகளில் ஒன்றைத் தெரிந்து போட்டோம். இந்த முறை அது வேண்டாம், நானே எழுதித் தாறன் என்று சொல்லிவிட்டேன். உன் அக்கா மலர், "எழுதுங்கோ. ஆனா பொய் எழுதாதேங்கோ" என்றாள்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பிழை விட்டுவிட்டேன் மச்சான். அது என்ன பிழை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் நீதான். உன் வலது காலில் இல்லாமல் போன இரண்டு விரலுக்கும் தெரியும்.

எங்கள் முதல் பனிக்காலம் ஞாபகம் இருக்கிறதா? இறைச்சித் தொழிற்சாலையில் இரண்டு பேருக்கும் வேலை. இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி சப்பாத்து அங்கே கட்டாயம். ஊரில் ஒரு செருப்போடு எல்லா இடமும் போய் வந்த எங்களுக்கு, வேலைக்கு ஒரு சோடி, ரோட்டுக்கு இன்னொரு சோடி என்பது ஊதாரித்தனமாகத் தெரிந்தது. "இது மாட்டுத் தோல் மச்சான், உள்ளுக்குப் பஞ்சும் இருக்கு. இதைவிட என்ன சப்பாத்து?" அப்படிச் சொன்னது நான்தான். நீ அதோடேயே பஸ்ஸுக்கு நின்றாய். குளிர்ந்தபோது உள்ளே இன்னொரு சோடி சொக்ஸ் போட்டாய். சப்பாத்து இறுகி ரத்தம் ஓடவில்லை. முன்னுக்கு இருந்த இரும்பு, ஐஸ்கட்டியை வைத்துக் கட்டினதுபோல விரல்களைப் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் பஸ் வரவே இல்லை. நடந்து வீட்டுக்கு வந்த நீ, "அக்கா, இண்டைக்குக் கால் சுகமா இருக்கு, குளிரே தெரியேல்லை" என்று சிரித்தாய். சொக்ஸைக் கழற்றி, உறைந்து கறுத்த விரல்களைப் பார்த்த மலர் அலறினது இப்பவும் என் காதில் இருக்கிறது.

அடுத்த பனிக்காலம் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். மலரின் பழைய கம்பளித் தொப்பி இரண்டை எடுத்து, சப்பாத்துக்கு மேலே மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாய். ஒன்று பச்சை, மற்றது சிவப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான். "என்னடா, காலிலயும் தலை முளைச்சிட்டுதோ?" என்றேன். "தலையில இல்லாத மூளை காலிலயாவது இருக்கட்டும்" என்றாய். குளிருக்குப் போர்வை உள்ளே இல்லை, வெளியே வேண்டும் என்று அன்றைக்கே உனக்கு விளங்கியிருந்தது. எனக்கு விளங்கியது வேறு: எங்கள் சனம் முழுக்க இதே பிழையைச் செய்கிறது, ஆளுக்கு இரண்டு சோடி விற்கலாம் என்பது. நான் கடைக்காரன் ஆனது அப்படித்தான். உன் விரல் போன இடத்தில் என் வியாபாரம் முளைத்தது. இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போது கடை மொன்ட்ரியால்-நோரில், நீ பார்த்ததைவிடப் பெரிய கட்டடத்தில் இருக்கிறது. பின்னுக்குள்ள களஞ்சியத்தைப் பார்ப்பவள் ஒக்ஸானா என்ற உக்ரைன்காரி. சண்டை தொடங்கின பிறகு தாயோடு வந்து நோத்ர-டாம்-த-கிரேசில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டில் இருக்கிறாள். என் பிரெஞ்சு இன்னும் கடைப் பிரெஞ்சுதான், அவளுடைய இங்கிலிஸ் அரைகுறை. இருந்தும் நன்றாகச் சண்டை பிடிப்போம். என்னை "பத்ரோன்" என்பாள், முதலாளி என்று அர்த்தம். உண்மையாகவே கோபம் வந்தால் மட்டும் "மிஸ்டர் சிவம்."

அவளுடைய தம்பி பெட்ரோ அங்கே படையில். முன்பு பேக்கரிப் பாண் வான் ஓடினவன். கார்த்திகையில் ஒரு நாள் ஒக்ஸானா வந்து, தம்பியின் அணியில் ஆட்களுக்குச் சப்பாத்து இல்லை, தங்கள் உக்ரைன் கோயிலில் பெண்கள் சேர்க்கிறார்கள், ஏதாவது தரமுடியுமா என்று கேட்டாள்.

களஞ்சியத்தின் ஒரு மூலை முழுக்க இரும்பு மூக்குச் சப்பாத்துத் தேங்கிக் கிடந்தது. கட்டட வேலைக்காரர் இப்போது பாரமில்லாத, இரும்பில்லாத வகைக்கு மாறிவிட்டார்கள். கொடுத்தால் இடமும் கிடைக்கும், பேரும் கிடைக்கும். நான் அப்படித்தான் யோசித்தேன் மச்சான், மறைக்க என்ன இருக்கிறது?

"குளிருக்குச் சரிவருமா பத்ரோன்?" என்று கேட்டாள்.

"உள்ளுக்குப் பஞ்சு இருக்கு" என்றேன். பொய் இல்லை. ஆனால் உனக்குச் சொன்ன அதே சொல்.

சப்பாத்துக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். கோயிலில் எனக்குக் கை தட்டினார்கள். மார்கழியில் பெட்ரோ படம் அனுப்பினான், பதுங்குகுழி அடுப்புக்குப் பக்கத்தில் சப்பாத்தோடு காலை நீட்டிக்கொண்டு சிரிக்கிறான். நெருப்புப் பக்கத்தில் இருக்கும்வரை எந்தச் சப்பாத்தும் நல்ல சப்பாத்துத்தான், இல்லையா?

தைப்பொங்கல் முடிந்த கிழமை அவர்களுக்குப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. வண்டியில் வந்தால் ட்ரோன் பார்த்துவிடும், நெருப்பு மூட்டினாலும் பார்த்துவிடும். அதனால் மரவரிசைக்குள்ளால், பனிக்குள், நடை. எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. ஒக்ஸானா போனை பெட்டிகளுக்கு மேலே வைத்துவிட்டு வேலை செய்தாள், அடிக்கடி திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மலர் எனக்குச் சாப்பாடு கொண்டு கடைக்கு வந்திருந்தாள். ஒக்ஸானா ஓடிவந்து அவளைக் கட்டிப் பிடித்தாள். "தம்பி எழுதியிருக்கிறான்! நடக்கிறார்களாம், உயிரோடு இருக்கிறானாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் நன்றி சொல்லச் சொன்னான் பத்ரோன். நேற்றுக் கால் கடுமையாகக் குளிர்ந்ததாம், சொக்ஸ் எல்லாவற்றையும் போட்டானாம். இன்றைக்குக் குளிரே தெரியவில்லையாம்" என்றாள்.

மலரின் கையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டி அப்படியே நின்றது. ஒக்ஸானாவின் போனை வாங்கி அந்த அடுப்புப் படத்தைப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இது தவத்தின்ர சப்பாத்தெல்லோ?"

நான் களஞ்சிய மூலையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இதையோ அனுப்பினனீங்கள்? தெரிஞ்சுகொண்டோ அனுப்பினனீங்கள்?"

"தேங்கிக் கிடந்தது..." என்று தொடங்கினேன்.

"என்ர தம்பிக்கு ஒருக்காச் செய்தது காணாதோ? இந்தப் பிள்ளையின்ர தம்பிக்கும் செய்யவேணுமோ? நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?"

நான்தான் சொன்னேன். கடை வாசலில், வாடிக்கையாளர் இரண்டு பேர் கையுறை பார்த்துக்கொண்டு நிற்க, எல்லாவற்றையும் சொன்னேன். உன் விரல், பஸ், அந்தச் சிரிப்பு, எல்லாம். ஒக்ஸானா நான் முடிக்கும்வரை கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"இப்போது அவன் என்ன செய்யவேண்டும், மிஸ்டர் சிவம்?" என்றாள்.

அப்போதுதான் மச்சான், நீ வந்தாய். பச்சைத் தொப்பியும் சிவப்புத் தொப்பியுமாக வந்தாய். நான் சொல்லச் சொல்ல அவள் தன் பாஷையில் குரல் செய்தி வைத்தாள்: மேலதிகமான சொக்ஸைக் கழற்று. கயிற்றை இளக்கு. கம்பளியை வெட்டிச் சப்பாத்துக்கு வெளியே சுற்றிக் கட்டு, முன்பக்கம் முழுக்க மூடு. தொப்பி இருந்தால் தொப்பியைக் காலுக்குப் போடு. சிரிப்பவன் சிரிக்கட்டும். எல்லாருக்கும் சொல்லு.

செய்தி போய்ச் சேரவில்லை. ஒற்றைச் சரிக்குறி மட்டும் விழுந்தது. அடுத்த நாளும் ஒற்றை. அதற்கடுத்த நாளும் ஒற்றை.

இங்கேயும் அந்த நாட்களில் குளிர் மூர்க்கமாக அடித்தது. கடைக் கண்ணாடியில் உள்பக்கமே உறைபனி பிடித்தது. ஒக்ஸானா ஒரு நாளும் வேலைக்கு வராமல் நிற்கவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. பெட்டி அடுக்கினாள், எண் ஒட்டினாள். "வீட்டை போய் அம்மாவோட இரு" என்றேன். "அம்மா என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவா. பெட்டி கண்டுபிடிக்காது" என்றாள். போனில் பார்க்கும் போர் வரைபடத்தில் போர்முனைக் கோடு ஒவ்வொரு காலையும் உக்ரைனுக்குள் இன்னும் உள்ளுக்கு நகர்ந்தது. கோட்டுக்கு எந்தப் பக்கம் அவன் நிற்கிறான் என்று வரைபடம் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எனக்கு உன் கதை ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நீ இயக்கத்தில் இருந்த காலத்தைப் பற்றி என்னிடம் கதைத்தது ஒரே ஒருக்கா. மாரி மழைக்குள் சேற்றால் பின்வாங்கி வந்ததைச் சொன்னாய். "காயப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு வந்திட்டம் மச்சான். கால் ஏலாமப் போனவன்தான் மரத்துக்குக் கீழ இருந்திட்டு, நீங்கள் போங்கோ, நான் பேந்து வாறன் எண்டான். நாங்களும் நம்பினம்." அவர்கள் வந்தார்களா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் காலை, பாரவண்டியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒக்ஸானாவின் போன் அடித்தது. பெட்ரோவின் குரல். அவள் அங்கேயே பனிக்குள் குந்திவிட்டாள். நான் கிட்டப் போகப் பயந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செய்தி நாலாம் நாளே அவன் காதுக்குப் போயிருக்கிறது. இடிந்த வீடொன்றின் நிலவறையில் ஒதுங்கினபோது கொஞ்ச நேரம் தொடர்பு கிடைத்ததாம். கேட்டான், ஆனால் பதிலோ இரண்டாவது சரிக்குறியோ எங்களுக்கு வரமுன் அறுந்துபோனது. எல்லாருக்கும் போட்டுக் காட்டினானாம். கம்பளியைக் கிழித்தார்கள், தொப்பியை மாட்டினார்கள், மேலங்கிக் கைகளை வெட்டிச் சப்பாத்துக்கு மேலே இழுத்துவிட்டார்கள். அந்த நிலையிலும் ஒருவன், "காலில் தொப்பி போட்ட கோமாளிப் படை வருகிறது என்று எதிரி ஓடுவான்" என்றானாம். மிச்ச நாளும் அப்படியே நடந்து பின்னுக்கு ஒரு கிராமத்தின் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பெட்ரோவுக்கு ஒரு விரல் போய்விட்டது. மற்றதுகள் தப்பும் என்கிறார் டாக்குத்தர்.

ஆனால் நிலவறைக்கு வருவதற்கு முதல் நாள், மூன்றாம் நாள், ஒருவர் நின்றுவிட்டாராம். கணக்கு வாத்தியார், அணியிலேயே வயது கூடினவர். மரத்துக்குக் கீழே இருந்துகொண்டு, நீங்கள் போங்கள், நான் பிறகு வாறன் என்றாராம். ஒக்ஸானா இதை இங்கிலிசில்தான் எனக்குச் சொன்னாள். எனக்கு உன் குரலில் கேட்டது.

"அவருடைய காலில் இருந்தது என்னுடையதா?" என்று கேட்டேன்.

அவள் எழும்பி அடுத்த பெட்டியைத் தூக்கினாள். நான் அந்தச் சப்பாத்தைக் கொடுத்த கார்த்திகையிலேயே சொல்லியிருந்தால்? மலர் அன்றைக்குச் சாப்பாடு கொண்டு வராமல் விட்டிருந்தால்? நீ இருந்திருந்தால் களஞ்சிய மூலையைப் பார்த்தவுடனேயே என் கழுத்தைப் பிடித்திருப்பாய், இல்லையா?

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் படை திரும்பவும் ஒன்றுசேர்கிறது. சூப் காய்ச்சுகிறார்கள், கால் காய வைக்கிறார்கள், புது ஆட்கள் வந்து சேருகிறார்கள். பெட்ரோ தாங்கித் தாங்கி நடந்து, புது ஆட்களுக்குச் சப்பாத்துக்கு வெளியே எப்படிக் கட்டுவது என்று காட்டிக்கொடுக்கிறானாம். இங்கிருந்து படம் அனுப்பி உன்னையும் அறிமுகப்படுத்திவிட்டாள் ஒக்ஸானா. அங்கே உனக்குப் பேர் "தொப்பிக் காலன்." கோபிக்காதே, நல்ல பேர்தான்.

ஆனால் நல்ல செய்தி இத்தோடு முடிகிறது. அடுத்த கிழமை அவர்கள் திரும்ப முன்னுக்குப் போகிறார்கள். குளிர் இன்னும் குறையவில்லை. கோடு இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த முறை நானே தேடி வாங்கினேன், உள்ளே தடித்த கம்பளி வைத்த, இரும்பில்லாத சப்பாத்து. ஒரு அளவு பெரிதாக. வாங்கினதும் அனுப்பவில்லை. ஒரு சோடியைப் போட்டுக்கொண்டு, நீ நின்ற அதே பஸ் தரிப்பிடத்தில் மத்தியானம் ஒரு மணித்தியாலம் நின்றேன். மூன்று பஸ் நின்று போனது, சாரதி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். காலில் குளிர் தெரிந்தது மச்சான். தெரிந்தது. அது தெரிகிறவரைக்கும் நல்லது என்று உன்னிடம்தானே படித்தேன். மூலையில் மிச்சம் கிடந்த இரும்பு மூக்கெல்லாவற்றையும் வெட்டிக் குப்பைக்குப் போட்டுவிட்டேன்.

அனுப்புவதற்கு முன், அணியின் கால் அளவெல்லாம் பெட்ரோ எழுதி அனுப்பினான். ஒக்ஸானா வாசிக்க நான் பெட்டி எடுத்து வைத்தேன். கடைசி அளவை வாசித்துவிட்டு நின்றாள்.

"இது வாத்தியாருடையது, பத்ரோன்."

"அவர்..."

"பிறகு வருவதாகச் சொன்னாராம். தம்பி அதனால் எழுதியிருக்கிறான்."

நான் அந்தச் சோடியை எடுத்து, இரண்டு சப்பாத்துக்குள்ளும் ஒவ்வொரு கம்பளித் தொப்பி வைத்து, பெட்டியை மூடினேன். ஒன்று பச்சை, மற்றது சிவப்பு. தேடித்தான் எடுத்தேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், தவம். நான் இருக்கும்வரைக்கும், நான் போட்டுக்கொண்டு உன் பஸ் தரிப்பிடத்தில் நிற்காத ஒரு சோடியும் என் கடையிலிருந்து குளிருக்குள் போகாது. அந்த வாத்தியாரின் பெட்டி திரும்பி வந்தால், உன் படத்துக்குக் கீழே வைப்பேன். யாருக்கும் விற்கமாட்டேன். நீயும் அந்தப் பக்கம் எங்காவது அவரைக் கண்டால், இப்பவே உன்னிடம் வந்து சேரவேண்டாம், சப்பாத்து வருகுது என்று சொல்லு.

உன் அக்காவைக் கட்டினவன், அதற்கு முன்பே உன் மச்சான்,
சிவம்
மொன்ட்ரியால்