தறிக்குழியில் இருந்த இருவர்

ஆரணி,
சித்திரை 26

அன்புள்ள சூர்யகலாவுக்கு,

தினமும் போனில் பேசுகிறவன் கடிதம் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். லீவில் வந்திருக்கிற எல்லப்பன் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவனிடம் வடகமும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும். போனில் நாம் பேச ஆரம்பித்ததும் நீ பார்த்துக்கொள்கிற அந்த வீட்டு அம்மா கூப்பிட்டுவிடுகிறார். நீயும் சாப்பிட்டீங்களா, வெச்சிடட்டா என்கிறாய், நானும் சரி என்று வைத்துவிடுகிறேன். சொல்ல நினைத்தது அப்படியே நின்றுவிடுகிறது.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அதைப் பற்றியும் இதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் பன்னையும் ரஸ்க்கையும் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

பொங்கல் லீவுக்கு வந்தபோது கனிமொழி வேலூரிலிருந்து ஒரு கம்பிக் கூண்டில் கொண்டுவந்தாளே, அந்தக் கினிப்பன்றிகள்தான். வீடியோவில் பார்த்து, இதுங்களுக்கு வால் எங்கே என்று நீ சிரித்தாய். ஹாஸ்டல் தோழி வைத்திருந்ததாம், வார்டன் விரட்டிவிட்டாராம். "நீங்க தனியா இருக்கீங்கப்பா, துணைக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போய்விட்டாள். பொண்டாட்டி மஸ்கட்டில், மகள் வேலூரில், துணைக்கு வால் இல்லாத இரண்டு எலி. என் ஜாதக விசேஷம் அப்படி.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. எதிர்வீட்டு முனியம்மா அக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னா ராஜவேலு, ஊரே எலிக்குப் பொறி வெக்குது, நீ கொத்தமல்லி வாங்கிப் போட்டுகினு கீற" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னது. ஆனால் ஒரு ஜீவனை வாங்கி வைத்துவிட்டு ஏனோதானோ என்று இருக்க முடியுமா?

கம்பி மேல் நடந்தால் அதுகளின் பாதம் புண்ணாகிவிடும் என்று கனிமொழி போனில் சொன்னாள். வெயிலும் ஆகாது. நம் வீட்டு ஷீட் கூரை மாசியிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் குளுமையான இடம் ஒன்றே ஒன்றுதான், நீ நெய்யும்போது கால் இறக்கி வைக்கிற உன் தறிக்குழி. நீ போனதிலிருந்து அது சும்மாதானே கிடக்கிறது. மிதிகட்டைகளை அவிழ்த்து மேலே கட்டிவிட்டு, கீழே பலகை பரப்பி, ஒரு பழைய பானையின் வாயை அகலமாக உடைத்துத் தேய்த்துப் பக்கவாட்டில் படுக்கவைத்தேன். ஒளிந்துகொள்ள இடம் இல்லாவிட்டால் அதுகள் பயத்திலேயே வாடிவிடுமாம். பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், அதனால் எந்நேரமும் மெல்லப் புல் இருக்க வேண்டும். தினமும் நெல்லிக்காயோ கொய்யாவோ ஒரு துண்டு கொடுக்காவிட்டால் மூட்டு வீங்கிவிடும். நீ என்னை இவ்வளவு கவனித்ததில்லை.

என் தறி ஓடும் சத்தத்துக்கு முதலில் இரண்டும் பானையை விட்டு வெளியே வரவே இல்லை. பிறகு பழகிவிட்டது. தறியை நிறுத்தினால் நான் எழுந்து தீனி போடப் போகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டன. சத்தம் நின்ற உடனே குழியிலிருந்து வீக் வீக் என்று ஒரே விசில். சூர்யா, நான் வேலையை நிறுத்தினால் அதைக் கவனிக்க வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பங்குனிக் கடைசியில்தான் அது நடந்தது. பலகை மேல் மெத்தென்று எதையாவது போடலாம் என்று பார்த்தேன். நம் வீட்டில் மெத்தென்று என்ன இருக்கிறது? பாவு பிணைத்து மிஞ்சிய பட்டு நூல் ஒரு பை நிறைய இருந்தது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பட்டு கொடுக்கிறோம், இதுகளும் ஒரு நாள் பட்டில் படுக்கட்டுமே என்று உதறிப் பரப்பினேன். அதுகளும் அதில் புரண்டு விளையாடின. எனக்குப் பெருமை வேறு.

இழுத்தால் அறுகிற நூலா அது? ரஸ்க்கின் பின்னங்காலில் சுற்றி, முடிக்குள் மறைந்து, இறுகிக்கொண்டே போயிருக்கிறது. அது சரியாகத் தின்னவில்லை என்பதைக் கவனித்தேன், வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். கால் வீங்கிய பிறகுதான் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே கன்றுக்குட்டிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா நூலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஊசி போட்டார். பாதம் கறுத்துவிட்டது, தாங்குமா தெரியவில்லை என்றார். மறுநாள் அது இறந்துவிட்டது. நீ அன்று போனில் கேட்டபோது இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று சொன்னேன். உன் தூக்கமும் கெட வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். கொல்லையில் புதைத்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். முனியம்மா அக்காவுக்கு இது தெரிய வேண்டாம்.

அதற்குப் பிறகு பன் பானைக்குள்ளேயே கிடந்தது. பட்டு நூலையெல்லாம் வாரி எறிந்துவிட்டு வெறும் புல்லும் சாக்கும் போட்டேன். கொய்யாவை நறுக்கி மூக்குக்கு நேரே வைத்தாலும் திரும்பிக்கொண்டது. தறியை நிறுத்திப் பார்ப்பேன், ஒரு சத்தமும் வராது. வேண்டுமென்றே இடையிடையே நிறுத்திப் பார்த்தேன். முந்தானை முடிக்க வேண்டிய வாரத்தில் பாதி நேரம் இப்படியே போனது, முதலாளி பேஜாராகிவிட்டார்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனேன். அவர் அதைத் தடவிக்கொண்டே, "இது கூட்டமா வாழுற ஜாதிங்க. நீங்க எவ்ளோ நல்லா பாத்துக்கினாலும் அதுக்கு அது தனிதான். இன்னொண்ண சேருங்க, இல்ல நாலு இருக்கிற எடத்துல கொண்டு போய் விடுங்க. தனியா வெச்சா தின்னாமலே போயிடும்" என்றார். இன்னொன்று வாங்கலாம் என்று கனிமொழியும் சொன்னாள். வாங்கி, அதற்கும் என் கையால் ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டரம்மாவே செய்யாறில் கம்பெனிக்குப் போகிற, வீட்டில் இதுகளை வளர்க்கிற தென்னரசு என்பவரின் நம்பரைக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் கூடையில் ஈரத்துணி போட்டு மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தென்னரசு ஓர் அறையையே கினிப்பன்றிகளுக்கு விட்டிருக்கிறார். சிமெண்டுத் தரை, மூலைக்கு மூலை செங்கல் வீடு, ஓட இடம். மூன்று இருக்கின்றன, மூன்றும் பெட்டை, நம் பன்னைப் போலவே. எடுத்தவுடன் ஒன்றாக விடக்கூடாது, சண்டை வரும் என்று நடுவே வலை கட்டி வைத்தார். பன் கூடையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல வலைக்கருகே போய் முகர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று விசிலடித்தது. நம்முடையதும் அடித்தது, ரஸ்க் போன பிறகு முதல் தடவையாக. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நான் கிளம்பும்போது அது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுவும் வலித்தது. நேற்று வீடியோ அனுப்பியிருந்தார். வலையை எடுத்துவிட்டாராம், நான்கும் ஒரே புல்கட்டில் வாய் வைத்திருக்கின்றன.

வெறுங்கூடையோடு வந்து கதவைத் திறந்தேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை, சூர்யா. சோறு வடிக்கக்கூடத் தோன்றவில்லை. டீக்கடையில் போய் உட்கார்ந்து, சேராத ஆட்களோடெல்லாம் பேசிவிட்டு வருகிறேன்.

கனிமொழிக்கு இந்த வருஷத்தோடு படிப்பு முடிகிறது. கூரை மாற்றுவது மெதுவாக ஆகட்டும். நீ அங்கே போய்ப் பட்ட பாடு போதும். அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு நல்ல மனுஷி கிடைப்பாள், நீ நல்லபடியாகச் சொல்லிவிட்டே வா. ஆடியில் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடு. நல்லபடியாக வந்து சேர ரேணுகாம்பாள் துணை இருக்கட்டும்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டுமா என்று நீ அன்று கேட்டபோது, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீ போன் செய்து மறுபடி கேட்டாலும், எனக்குக் குரல் எழும்பாது, உன் இஷ்டம் என்றுதான் சொல்லுவேன். அதை நம்பாதே. இதில் எழுதியிருப்பதை நம்பு.

உன்,
ராஜவேலு