ஏழாவது கம்பி

இன்று காலை ஈப்போச் சந்தையருகே ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டி நிறைய வௌவால் எச்சம். காய்கறித் தோட்டங்களுக்கு உரமாகப் போகிறது. சாக்கின் தையல் விட்ட இடத்திலிருந்து அந்தக் காரநெடி மூக்கில் ஏறியதும் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். என் கால்கள் நனைந்திருப்பதாக ஒரு கணம் நம்பிக் குனிந்தும் பார்த்தேன். ஐம்பது வயது மனிதன் நடுத்தெருவில் தன் காலைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு வண்டிக்காரர் சிரித்தார்.

நீங்கள் உயிரோடிருந்தபோது உங்களை ‘நீர்’ என்றே அழைத்தேன். நில அளவையாளனுக்கும் அவனோடு அளவுச் சங்கிலி பிடிக்கும் சங்கிலிக்காரருக்கும் இடையே அதுவே முறை என்று எண்ணியிருந்தேன். இம்மடலில் அந்த முறையைக் கைவிடுகிறேன்.

பெரும்போர் முடிந்து நாலைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. சுங்கை சிப்புட் சாலையிலிருந்து விலகி நின்ற அந்தச் சுண்ணாம்புக் குன்றை வெளியிலிருந்து பார்ப்பவர் முழுக்கல் என்றே கொள்வர். உள்ளே, நாற்புறமும் செங்குத்துப் பாறை சூழ, வானத்தை நோக்கித் திறந்த ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. மலையோடை ஒன்று பாறைக்கடியில் புகுந்து, அப்பள்ளத்தாக்கைக் கடந்து, ஒரு குகை வழியே வெளியேறியது. மனிதர் போய்வர அக்குகை ஒன்றே வழி. அதன் நீளத்தை அளப்பது நம் பணி.

குகைவாயில் நத்தை ஓடுகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கல்லாய் இறுகிக் கிடந்தன. எக்காலத்து மனிதர் தின்று எறிந்தவையோ! நான் வியந்து நிற்க, நீங்கள் சொன்னீர்கள்: “பெரிய பந்தி போட்டிருக்கானுங்க ஐயா. நம்மளத்தான் கூப்பிடல.”

எச்சம் அள்ளும் சீனர் ஒருவர் வாயிலில் நின்று மலாயில் ஏதோ எச்சரித்தார். “உலுவுல, மேல ஓடை பொறக்குற எடத்துல, மழ வரலாம்ங்குறான்,” என்றீர்கள். நான் வானத்தைப் பார்த்தேன். தெளிவாயிருந்தது. புறப்பட்டோம்.

ஆள் குறைவாயிருந்ததால் சங்கிலியின் முன்முனையை நானே பிடித்தேன். ஒவ்வொரு சங்கிலி நீளத்துக்கும் சிவப்புத் துணி கட்டிய இரும்புக் கம்பியொன்றை நான் ஊன்றிச் செல்வேன்; பின்னால் வரும் நீங்கள் பிடுங்கிச் சேர்ப்பீர்கள். முடிவில் உங்கள் கையிலுள்ள கம்பிகளே அளவு. பள்ளத்தாக்கை அடைந்தபோது நான் ஏழு நீளம் எண்ணியிருந்தேன். உங்கள் கையில் ஆறு கம்பிகளே இருந்தன.

யாரோ எப்போதோ நட்ட டுரியான் பழமரங்கள் மூன்று அங்கே நின்றன. நீங்கள் அண்ணாந்து, “கதவே இல்லாத வீட்டுல எவன்யா குடியிருந்தான்?” என்று வியந்தீர்கள். நான் கம்பிகளையே மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஒரு எடத்துல சுண்ணாம்புக் கோடுதான் இருந்துச்சு ஐயா, கம்பி இல்ல.”

“பாறையில ஊன்ற ஏலாது. கோட்டுக்குப் பக்கத்தில வைச்சனான். தண்ணி கொண்டுபோயிருக்கும்.”

“அப்ப சரிதானே? ஏழுன்னு எழுதிக்குங்க.”

“கோடு சாட்சியில்லை, கம்பிதான் சாட்சி. திரும்பிப் போகேக்க அளந்துகொண்டு போவம்.”

நீங்கள் ஓடையில் இறங்கினீர்கள். காலையில் கணுக்காலளவு ஓடிய தெளிந்த நீர் முழங்காலுக்கு ஏறிச் செந்நிறமாயிருந்தது. “ஐயா, தண்ணி கலங்கிருச்சு. அளக்க வேணாம், ஓடிப் போலாம் லா.”

“மழை எங்க? வானம் வெளிச்சுக் கிடக்கு.”

“வானத்தப் பாக்காதீங்க. காலப் பாருங்க.”

நான் சங்கிலியை விரிக்கச் சொன்னேன். மூன்றாம் நீளத்தில் நீர் இடுப்புக்கு வந்தது. “தண்ணி ஏறுது ஐயா, விட்ருங்க. ஒத்தக் கம்பிதானே, சுங்கை சிப்புட் கொல்லங்கிட்ட சொன்னா ஒரு கட்டு அடிச்சுத் தருவான்!” என்று கத்தினீர்கள். நான்காம் நீளத்தை முடிக்க வேண்டுமென்றேன். முடிக்கையில் நெஞ்சளவு வெள்ளம். எதிரே குகைக்கூரை தாழ்ந்து, நீருக்கும் பாறைக்குமிடையே ஒரு சாண் இடைவெளியே தெரிந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது. நீங்கள் சங்கிலியை என் இடுப்பில் சுற்றி, மறுமுனையைப் பிடித்து, வெள்ளத்தின் போக்கில் என்னை மெல்ல விட்டீர்கள். “மூஞ்சிய மேல தூக்கிக்குங்க. போங்க, நான் பின்னால வாரேன்.” அப்பால் தரை தட்டியது. என் நெற்றியில் கட்டியிருந்த விளக்கைக் கண்டு சீனர் ஓடிவந்தார். இருவருமாகச் சங்கிலியை இழுத்தோம். முதலில் உங்கள் எடை தெரிந்தது. பின்பு எங்கோ பாறையில் சிக்கியது. இன்னும் இழுத்தோம். சட்டென்று இலேசாயிற்று. வந்தது பாதிச் சங்கிலி. கடைசி வளையம் வாய் திறந்திருந்தது.

வெளியே அப்போதுதான் மழை பிடித்தது. அளவைப் புத்தகம் நனையக்கூடாதென்று, அந்நேரத்திலும் பழக்கம் விடாமல், முதுகில் கட்டியிருந்த குடையை அவிழ்த்து விரித்தேன். மடிப்புக்குள்ளிருந்து ஏழாவது கம்பி கல்லின்மேல் விழுந்தது. கோடு கீறக் கை வேண்டுமென்று அதைக் குடைக்குள் செருகியவன் நானே.

மறுநாள் நீர் வடிந்தபின் உங்களைக் கண்டெடுத்தோம். அறிக்கையில் கம்பியைப் பற்றியும் எழுதினேன். மேலதிகாரி அவ்வரிகளை அடித்துவிட்டு, ‘திடீர் வெள்ளம்’ என்றெழுதி அனுப்பினார். ஆதலால் ரப்பர் தோட்டத்துக்கு நேரில் சென்று, பால் வாளியோடு நின்ற உங்கள் மனைவியிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

“தண்ணி வருதுன்னு அவரு சொல்லலியா?”

“சொன்னவர். ரெண்டு தரம்.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “ரெண்டு தரமா? எங்கிட்ட எதயும் ஒரு தரத்துக்கு மேல சொல்ல மாட்டாரு.” வாளியை எடுத்துக்கொண்டு மரங்களுக்கிடையே போய்விட்டார்.

அதன்பின் என்னோடு வேலை செய்யும் எந்தச் சங்கிலிக்காரருக்கும் இரண்டாம் தரம் சொல்ல நேர்ந்ததில்லை. ‘போதும்’ என்ற ஒரு சொல் கேட்டால் போதும், நின்ற இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறேன். என் புத்தகங்களில் இப்போது முடிக்காத அளவுகள் பல உள்ளன. காரணம் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். ‘சங்கிலிக்காரர் நிறுத்தச் சொன்னார்’ என்றெழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறேன். அந்த வரியை இதுவரை யாரும் அடிக்கவில்லை.